கல்லூரிக்கு லேப்டாப் எடுத்துச் செல்லும் முன்...

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியாகிக் கல்லூரிச் சேர்க்கை தொடங்கிவிட்டால், எங்கள் ஊரான கோட்டைப்பட்டினத்திலிருந்து எனக்குப் போன் மேல் போன் வரும். எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான். எந்த லேப்டாப் வாங்கலாம்? எத்தனை ஜி.பி. ராம் இருந்தால் போதும்? என் சித்தப்பாவும் அதைத்தான் கேட்டார். "தம்பி, பாப்பாவுக்கு இடம் கிடைச்சிருச்சு. ஆனா சொந்தமா லேப்டாப் இல்லாம வரக்கூடாதுன்னு காலேஜ்ல எழுதிக் குடுத்திருக்காங்க. நீ எதுன்னு சொல்லு, சீட்டை எடுத்து வாங்கிடுறேன்" என்றார்.

எதை வாங்குவது என்று சொன்னேன். வாங்கியும் விட்டார். ஆனால் வாங்கிய லேப்டாப்பைக் கல்லூரி நெட்வொர்க்கில் இணைக்கும் முன் என்ன செய்ய வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. வேறு யாரும் இதுவரை கேட்டதில்லை. நான் மாணவனாக இருந்தபோது நானும் யாரையும் கேட்கவில்லை. அதன் விலையை வேறு ஒருவர் கொடுக்க நேர்ந்தது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

லேப்டாப் கட்டாயம் ஆன கதை

கல்லூரிகள் மாணவர்களிடம் லேப்டாப்பை எதிர்பார்ப்பது புதிய செய்தி அல்ல. அமெரிக்காவின் வேக் பாரஸ்ட் பல்கலைக்கழகம் 1996-லேயே முதலாண்டு மாணவர்கள் அனைவருக்கும் ஐ.பி.எம். திங்க்பேட் லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. சேப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகம் 2000-ஆம் ஆண்டு முதல், புதிதாகச் சேரும் மாணவர் ஒவ்வொருவரிடமும் லேப்டாப் இருக்க வேண்டும் என்று விதி வகுத்தது.

நம் மாநிலத்தில் இது வேறு வழியில் வந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் தொடங்கப்பட்டது. அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்கள் இதில் பயன் பெற்றனர். கம்ப்யூட்டரைப் பள்ளியின் லேபில் மட்டுமே பார்த்திருந்த பல வீடுகளில் முதல் கம்ப்யூட்டர் நுழைந்தது இப்படித்தான். எங்கள் வீட்டிலும் அப்படியே. பின்னர், 2025 மார்ச் 14 அன்று தாக்கல் செய்யப்பட்ட மாநில பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லட் வழங்கப்படும் என்ற அறிவிப்பு வெளியானது.

லேப்டாப் கையில் வருவது நல்லதே. ஆனால் ஆயிரக்கணக்கான லேப்டாப்கள் ஒரே நெட்வொர்க்கில் இணையும்போது, வீட்டில் இல்லாத ஒரு பிரச்னை அங்கே தலைகாட்டுகிறது. அது என்ன என்று பார்ப்போம்.

வீட்டு நெட்வொர்க்கும் கல்லூரி நெட்வொர்க்கும்

வீட்டில் ஒரு ரௌட்டர் இருக்கும். அதில் இரண்டு மொபைல் போன்கள், ஒரு டிவி, ஒரு லேப்டாப் இணைந்திருக்கும். எல்லாம் நம் கண்ணெதிரே இருப்பவை. வெளியிலிருந்து யாராவது நம் லேப்டாப்பைத் தொட முயன்றால் பெரும்பாலும் ரௌட்டரே தடுத்துவிடும்.

கல்லூரி விடுதியில் நிலைமை வேறு. அங்கே உங்கள் லேப்டாப் இருக்கும் அதே நெட்வொர்க்கில் முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கான லேப்டாப்கள் இருக்கலாம். கல்லூரி பெரிய பயர்வால் ஒன்றை வைத்திருக்கும். ஆனால் அந்தப் பயர்வால் நிற்பது வாசலில். இன்டர்நெட்டிலிருந்து உள்ளே வருவதையும் உள்ளிருந்து வெளியே போவதையும் அது சோதிக்கும். ஒரு மாணவரின் பையில் இருக்கும் லேப்டாப்போ வாசல் வழியாகவே நடந்து உள்ளே வந்துவிடுகிறது. அதில் வைரஸ் இருந்தால் அது அடுத்த அறை லேப்டாப்பைத் தொடுவதை வாசலில் நிற்கும் காவல் பார்க்காது.

எங்கள் ஊர்த் துறையில் விசைப்படகுகள் ஒன்றையொன்று ஒட்டி வரிசையாக நிற்கும். புயல் நேரத்தில் ஒரு படகின் கயிறு அறுந்தால் அந்தப் படகு மட்டும் சேதமாவதில்லை. பக்கத்துப் படகில் மோதும். அது அதற்கடுத்த படகில் மோதும். கல்லூரி நெட்வொர்க்கும் இதுபோன்றதுதான்.

இரண்டு பாடங்கள்

2003 ஆகஸ்ட் 11 அன்று 'பிளாஸ்டர்' என்ற வைரஸ் பரவத் தொடங்கியது. சரியாகச் சொன்னால் இது 'வார்ம்' வகையைச் சேர்ந்தது. அதாவது நீங்கள் எந்தப் பைலையும் திறக்க வேண்டாம்; எதையும் கிளிக் செய்ய வேண்டாம். நெட்வொர்க்கில் இணைந்திருந்தாலே போதும். விண்டோஸ் எக்ஸ்பி, விண்டோஸ் 2000 ஆகியவற்றில் இருந்த ஓட்டை வழியாகத் தானே நுழைந்துவிடும். அமெரிக்காவில் கோடை விடுமுறை முடிந்து கல்லூரிகள் திறக்கும் காலம் அது. விடுமுறையில் வீட்டில் வைரஸ் பிடித்த கம்ப்யூட்டர்களை மாணவர்கள் தூக்கிக்கொண்டு விடுதிக்கு வந்தார்கள். பல பல்கலைக்கழகங்களின் நெட்வொர்க் திணறிப் போனது. மாணவரின் கம்ப்யூட்டரைச் சோதித்து, அப்டேட் செய்த பிறகே நெட்வொர்க்கில் சேர்ப்பது என்ற வழக்கம் அதன் பின் வலுப்பெற்றது.

அடுத்தது 2017 மே 12. 'வான்னாக்ரை' என்ற ரேன்சம்வேர் உலகம் முழுவதும் பரவியது. ரேன்சம்வேர் என்பது நம் பைல்களைப் பூட்டி வைத்துக்கொண்டு, திறக்கப் பணம் கேட்கும் வைரஸ். சீனாவில் பல பல்கலைக்கழகங்கள் பாதிக்கப்பட்டன. இந்த வைரஸில் ஒரு விசித்திரம் இருந்தது. வேலையைத் தொடங்கும் முன் அது ஒரு குறிப்பிட்ட இணைய முகவரியைத் தொடர்பு கொண்டு பார்க்கும். பதில் கிடைத்தால் ஒதுங்கிவிடும். இதைக் கவனித்த ஓர் ஆய்வாளர் அந்த முகவரியைப் பதிவு செய்ததால் பரவல் பெருமளவு அடங்கியது. ஆனால் ப்ராக்ஸி சர்வர் வழியாக மட்டுமே இன்டர்நெட் தரும் இடங்களில் இது பலிக்கவில்லை. வைரஸால் அந்த முகவரியை நேரடியாக எட்ட முடியாததால், பதில் கிடைக்காமல் தன் வேலையைத் தொடர்ந்தது. நம் கல்லூரிகள் பலவற்றில் ப்ராக்ஸி வழியாகவே இன்டர்நெட் கிடைத்து வந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

இரண்டிலும் பொதுவான விஷயம் ஒன்று உண்டு. பிளாஸ்டர் நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் 2003 ஜூலை 16 அன்றே வெளியிட்டிருந்தது. வான்னாக்ரை நுழைந்த ஓட்டைக்கான அப்டேட் 2017 மார்ச் 14 அன்றே வந்துவிட்டது. அப்டேட் செய்திருந்தவர்களின் கம்ப்யூட்டரில் இவை அந்த ஓட்டை வழியாக நுழைய முடியவில்லை.

என் லேப்டாப் செய்த வேலை

2017-ல் நான் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவன். கையில் பள்ளியில் கிடைத்த அரசு லேப்டாப். அதனுடன் வந்த விண்டோஸை எடுத்துவிட்டு, நண்பர் ஒருவர் கொடுத்த கள்ளப் பதிப்பைப் போட்டிருந்தேன். அதில் அப்டேட்டை நிறுத்தி வைத்திருந்தேன். டேட்டா தீர்ந்துவிடும் என்பது காரணம். விடுதியில் எல்லாரும் படங்கள் எடுத்துக்கொள்ள வசதியாக ஒரு போல்டரை ஷேர் செய்திருந்தேன். படிக்க மட்டும் அனுமதி தராமல், யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம் என்று 'எவ்ரிஒன்' பெயரில் முழு அனுமதி கொடுத்திருந்தேன்.

யாருடைய லேப்டாப்பிலிருந்தோ ஒரு வைரஸ் அந்தப் போல்டருக்குள் வந்து உட்கார்ந்தது. பார்ப்பதற்குப் படம் உள்ள போல்டர் போலவே ஐகான். உண்மையில் அது ஓர் இ.எக்ஸ்.இ. பைல். பக்கத்து அறையில் இருந்த இறுதியாண்டு அண்ணன் ஒருவர் அதைத் தன் லேப்டாப்பில் காப்பி செய்து இருமுறை கிளிக் செய்தார். மறுநாள் காலையில் அவருடைய ப்ராஜெக்ட் பைல்கள் எதுவும் திறக்கவில்லை. வைவாவுக்கு ஆறு நாட்களே இருந்தன.

மூன்று வாரங்களுக்கு முன் அவர் தன் வழிகாட்டிக்கு ஈமெயிலில் அனுப்பிய பிரதி ஒன்று இருந்தது. அதை வைத்துக்கொண்டு ஐந்து இரவுகள் தூங்காமல் மீதியை மறுபடி எழுதினார். நானும் கூட உட்கார்ந்து டைப் செய்தேன். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். என் பைல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. என் அலட்சியத்தின் நஷ்டம் அடுத்த அறைக்குப் போனது.

இனி, புது லேப்டாப்பைக் கல்லூரிக்கு எடுத்துச் செல்லும் முன் வீட்டிலேயே செய்ய வேண்டியவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம். இங்கு தரப்படும் வழிமுறைகள் விண்டோஸ் 11-க்கானவை.

1. அப்டேட்

ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, செட்டிங்ஸ் சென்று, 'விண்டோஸ் அப்டேட்' என்பதில் கிளிக் செய்திடுங்கள். அங்கே 'செக் பார் அப்டேட்ஸ்' பட்டனை அழுத்துங்கள். புது லேப்டாப் தொழிற்சாலையில் இருந்து கிளம்பிச் சில மாதங்கள் ஆகியிருக்கும் என்பதால் முதல் முறை நிறைய அப்டேட் வரும். முடிந்ததும் ரீஸ்டார்ட் செய்து, மறுபடி ஒரு முறை இதே பட்டனை அழுத்திப் பாருங்கள். புதிதாக எதுவும் இல்லை என்று செய்தி கிடைக்கும் வரை தொடருங்கள். இதற்குச் சில ஜி.பி. டேட்டா செலவாகலாம். பிராட்பேண்ட் உள்ள உறவினர் வீட்டில் செய்துகொள்ளலாம்.

அண்ணன் அல்லது அக்கா பயன்படுத்திய பழைய லேப்டாப்பை எடுத்துச் செல்பவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 8.1-க்கான ஆதரவு 2023 ஜனவரி 10 அன்றும் முடிந்துவிட்டன. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. ஆதரவு முடிந்த சிஸ்டத்தில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைபடாமலே இருக்கும். உங்கள் லேப்டாப் விண்டோஸ் 11-ஐ ஏற்காது என்றால் லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம். உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்றவை இலவசம். நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருக்கிறது. கல்லூரியில் எந்த சாப்ட்வேர் கட்டாயம் என்று கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

கள்ளப் பதிப்பு வேண்டவே வேண்டாம். விண்டோஸைத் திறந்து தரும் 'கிராக்' பைல்கள் பலவற்றில் வைரஸ் ஒளிந்திருக்கும். ஆண்ட்டி வைரஸை நிறுத்திவிட்டு இயக்குங்கள் என்று ஒரு சாப்ட்வேர் சொல்கிறது என்றால், அது ஏன் அப்படிச் சொல்கிறது என்று யோசியுங்கள்.

2. ஆண்ட்டி வைரஸ்

விண்டோஸுடன் டிபெண்டர் என்ற ஆண்ட்டி வைரஸ் சாப்ட்வேர் சேர்ந்தே வருகிறது. வீட்டுப் பயன்பாட்டுக்கு அது போதும். ஸ்டார்ட் மெனுவில் 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று டைப் செய்து திறந்து, எல்லாவற்றின் மீதும் பச்சை டிக் அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு ஆண்ட்டி வைரஸ் போட்டால் இரண்டு மடங்கு பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். ஒன்றின் வேலையில் மற்றொன்று குறுக்கிடும், லேப்டாப்பும் மெதுவாகும்.

3. நெட்வொர்க் ப்ரொபைல்

பலருக்கும் தெரியாத, ஆனால் மிக முக்கியமான செட்டிங் இது. விண்டோஸில் ஒவ்வொரு நெட்வொர்க்கையும் 'பப்ளிக்' அல்லது 'பிரைவேட்' என வகைப்படுத்தலாம். பிரைவேட் என்றால் சுற்றி இருப்பவை நம் வீட்டுக் கம்ப்யூட்டர்கள் என்று பொருள் கொண்டு விண்டோஸ் சில கதவுகளைத் திறந்து வைக்கும். பப்ளிக் என்றால் சுற்றி இருப்பவர்கள் அந்நியர்கள் என எடுத்துக்கொண்டு அக்கதவுகளை மூடிவிடும். கல்லூரியின் பெயரைப் பார்த்து, நமக்குத் தெரிந்த இடம்தானே எனப் பிரைவேட் தேர்வு செய்துவிடாதீர்கள்.

கல்லூரி வை-பையில் இணைந்த பின், செட்டிங்ஸ் சென்று 'நெட்வொர்க் அண்டு இன்டர்நெட்', அதில் 'வை-பை', பின் இணைந்திருக்கும் நெட்வொர்க்கின் 'ப்ராப்பர்ட்டீஸ்' எனச் செல்லுங்கள். கிடைக்கும் விண்டோவில் 'பப்ளிக் நெட்வொர்க்' தேர்ந்தெடுக்கப்பட்டிருக்க வேண்டும். விண்டோஸ் பயர்வாலை எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தாதீர்கள். கேம் விளையாட அதை நிறுத்தச் சொல்லும் சீனியர்கள் விடுதிக்கு ஒருவராவது இருப்பார்கள்.

4. ஷேர் செய்த போல்டர்கள்

ஸ்டார்ட் மெனுவில் 'கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்' என டைப் செய்து திறந்திடுங்கள். இடது புறம் 'ஷேர்டு போல்டர்ஸ்', அதன் கீழ் 'ஷேர்ஸ்' என்பதில் கிளிக் செய்தால், உங்கள் லேப்டாப்பில் எவையெல்லாம் ஷேர் செய்யப்பட்டுள்ளன என்ற பட்டியல் கிடைக்கும். டாலர் குறியுடன் முடியும் பெயர்கள் பொதுவாக விண்டோஸ் தனக்காக வைத்திருப்பவை. அவற்றைத் தொட வேண்டாம். மற்றவற்றில் தேவையில்லாதவற்றை ரைட் கிளிக் செய்து 'ஸ்டாப் ஷேரிங்' கொடுத்திடுங்கள்.

நண்பருக்கு ஒரு பைல் தர வேண்டுமானால் ஈமெயிலோ, கூகுள் டிரைவோ, ஒன்டிரைவோ பயன்படுத்துங்கள். போல்டரை ஷேர் செய்தே ஆக வேண்டும் என்றால் 'ரீட்' அனுமதி மட்டும் கொடுங்கள். வேலை முடிந்ததும் நிறுத்துங்கள். நான் கொடுத்த முழு அனுமதி என்ன செய்தது என்பதை மேலே படித்தீர்கள்.

5. பைலின் உண்மைப் பெயர்

பைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, மேலே 'வியூ' மெனுவில் 'ஷோ' தேர்ந்தெடுத்து, 'பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' மீது கிளிக் செய்து டிக் வையுங்கள். இனி ஒவ்வொரு பைலின் பெயருக்குப் பின்னாலும் அதன் வகை தெரியும். படமோ பாடக் குறிப்போ என்று எண்ணிய ஒன்றின் பெயர் இ.எக்ஸ்.இ. என்று முடிந்தால் அதைத் திறக்காதீர்கள். அந்த அண்ணனின் லேப்டாப்பில் இந்த ஒரு டிக் இருந்திருந்தால் அவர் ஐந்து இரவுகள் தூங்கியிருப்பார். பிரிண்ட் எடுக்கக் கடையில் கொடுத்து வாங்கிய பென் டிரைவையும் ஸ்கேன் செய்த பிறகே திறக்க வேண்டும்.

6. பேக்கப்

லேப்டாப்பில் மட்டும் இருக்கும் பைல் இல்லாத பைலுக்குச் சமம். ப்ராஜெக்ட், அசைன்மென்ட், சான்றிதழ்களின் ஸ்கேன் பிரதி ஆகியவை எப்போதும் இன்னொரு இடத்திலும் இருக்கட்டும். பென் டிரைவ் அல்லது எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் வாரம் ஒரு நாள் காப்பி எடுத்து, உடனே கழற்றி வையுங்கள். லேப்டாப்புடன் செருகியே வைத்திருந்தால் ரேன்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். கிளவுடில் ஒரு பிரதி இருப்பது இன்னும் நல்லது. லேப்டாப் திருடு போனாலும் அது மிஞ்சும்.

7. பூட்டு

லேப்டாப்புக்கு பாஸ்வேர்ட் அல்லது பின் எண் கட்டாயம். எழுந்து செல்லும்போது விண்டோஸ் கீயுடன் 'எல்' கீயை அழுத்தினால் திரை பூட்டிக்கொள்ளும். இதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். அடுத்து, செட்டிங்ஸில் 'பிரைவசி அண்டு செக்யூரிட்டி' சென்று 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' இருக்கிறதா என்று பாருங்கள். இது இயங்கினால், திருடியவர் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினாலும் உங்கள் பைல்களைப் படிக்க முடியாது. ஆனால் இதற்கான ரெகவரி கீ உங்கள் மைக்ரோசாப்ட் அக்கவுண்டில் சேமிக்கப்பட்டிருக்கும். அந்த அக்கவுண்டின் பாஸ்வேர்டை மறந்தால் சிக்கல். கீயை ஒரு தாளில் எழுதி ஊரில் அம்மாவிடம் கொடுத்து வையுங்கள்.

கல்லூரியில் சேர்ந்த பிறகு

கல்லூரி வை-பையில் பெரும்பாலும் ஒவ்வொருவருக்கும் தனித்தனி யூசர் நேம், பாஸ்வேர்ட் தருவார்கள். சில உயர்கல்வி நிறுவனங்களில் 'எடுரோம்' என்ற வசதி உண்டு. உங்கள் கல்லூரி தந்த அதே யூசர் நேமைக் கொண்டு, இதில் சேர்ந்த வேறு கல்லூரியிலும் வை-பை பெறலாம். இந்தியாவில் இதை எர்நெட் நிறுவனம் நடத்துகிறது.

முதல் முறை இணையும்போது சர்ட்டிபிகேட் பற்றிய செய்தி ஒன்று வரலாம். கண்ணை மூடிக்கொண்டு ஓகே கொடுக்காதீர்கள். அதில் உள்ள சர்வர் பெயர் கல்லூரி தந்த குறிப்பில் உள்ளதுதானா என்று பாருங்கள். கல்லூரியின் பெயரிலேயே போலி வை-பை அமைத்துப் பாஸ்வேர்ட் திருடுவது எளிது.

சில கல்லூரிகளில் லேப்டாப்பின் மேக் முகவரியைப் பதிவு செய்யச் சொல்வார்கள். பதிவு செய்தும் இணையவில்லை என்றால், 'வை-பை' செட்டிங்ஸில் 'ரேண்டம் ஹார்டுவேர் அட்ரஸஸ்' என்பது ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் லேப்டாப் வேறு வேறு முகவரியைக் காட்டும். கல்லூரி நெட்வொர்க்குக்கு மட்டும் அதை ஆப் செய்திடுங்கள்.

உங்கள் பாஸ்வேர்டை நண்பருக்குக் கூடத் தராதீர்கள். அவர் செய்வதெல்லாம் உங்கள் பெயரில்தான் பதிவாகும். 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் அமைப்பு வெளியிட்ட உத்தரவு, அதற்கு உட்பட்ட நிறுவனங்கள் தங்கள் கம்ப்யூட்டர் பதிவுகளை 180 நாட்களுக்கு வைத்திருக்க வேண்டும் என்கிறது. மற்றவரின் பாஸ்வேர்டை ஏமாற்றிப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி குற்றம். மூன்று ஆண்டுகள் வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம்.

வைரஸ் வந்துவிட்டால்?

முதல் வேலை, நெட்வொர்க்கிலிருந்து விலகுவது. வை-பையை ஆப் செய்து, லேன் கேபிளைக் கழற்றுங்கள். இரண்டாவது, கல்லூரியின் கம்ப்யூட்டர் பிரிவுக்கு உடனே சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று பயந்து மறைப்பதுதான் பெரிய தவறு. நீங்கள் மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் வேறு ஒருவரின் லேப்டாப்புக்கு ஆபத்து. மூன்றாவது, பூட்டிய பைலைத் திறக்கப் பணம் கட்டாதீர்கள். கட்டினாலும் பைல் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வைரஸ் நீக்கும் இலவச சாப்ட்வேர்களை, 2017 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா இணைய தளத்தில் பெறலாம். வங்கிக் கணக்கில் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் செய்யுங்கள்.

கல்லூரியிடம் கேட்க வேண்டியவை

லேப்டாப் கட்டாயம் என்று சொல்லும் கல்லூரிக்கும் கடமை உண்டு. சேரும்போதே பெற்றோர் சில கேள்விகளைக் கேட்கலாம். விடுதி நெட்வொர்க்கில் ஒரு மாணவரின் லேப்டாப் இன்னொருவருடையதைத் தொட முடியாதபடி பிரித்து வைத்திருக்கிறார்களா? பாடத்துக்குத் தேவையான சாப்ட்வேருக்கு லைசென்ஸ் தருகிறார்களா, அல்லது மாணவர்களைக் கள்ளப் பதிப்புக்குத் தள்ளுகிறார்களா? பைல்களைச் சேமிக்க இடம் தருகிறார்களா? லேப்டாப் பழுதானால் அது சரியாகும் வரை லேபில் கம்ப்யூட்டர் கிடைக்குமா? சீட்டுப் பணத்தில் லேப்டாப் வாங்கிக் கொடுத்தவருக்கு இதைக் கேட்க உரிமை இருக்கிறது.

தங்கை கல்லூரிக்குக் கிளம்பும் முதல் நாள் வீட்டில் உட்கார்ந்து, மேலே சொன்ன ஏழையும் அவளையே செய்ய வைத்தேன். அப்டேட் இறங்க நேரமானது. "இவ்வளவும் என் லேப்டாப்புக்காகவா அண்ணே?" என்று சலித்துக்கொண்டாள். பக்கத்து அறையில் யாரோ ஒரு பெண் இருப்பாள், அவளுக்காகவும்தான் என்றேன்.

சித்தப்பா ஆண்ட்டி வைரஸ் பற்றி ஒன்றும் அறியாதவர். ஆனால் இதை அவருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் எச்சரிக்கை வந்தபோது, தன் படகைக் கட்டி முடித்த கையோடு பக்கத்துப் படகின் கயிற்றையும் இழுத்துப் பார்த்துவிட்டு வந்தவர் அவர்.